கவலைக்கு ஒரு நோட்டு

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் மொய் விருந்துப் பந்தல்கள் எழுந்துவிடும். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து போடுவார்கள். சமையல் செலவும் பந்தல் செலவும் பிரிந்துவிடும். கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவி வருகிறவர், தான் யாருக்கு மொய் செய்ய வேண்டுமோ அவருடைய மேசைக்குப் போவார். பணத்தை எண்ணி வாங்க ஒருவர், நோட்டில் எழுத ஒருவர். ஊர், பெயர், தொகை. இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டரில் ஏற்றி, கையோடு ரசீதும் கொடுக்கிறார்கள். ஒரே விருந்தில் மொய் கோடியைத் தொட்டதும் உண்டு.

வெளியூர்க்காரர்கள் அந்தப் பணக்கட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தொழில் செய்கிற நீங்கள் பார்க்க வேண்டியது அந்த நோட்டை. அன்றைக்கு வந்த பணம் அத்தனையும் கடன். வட்டி கிடையாது. ஆனால் அவர்கள் வீட்டு விருந்துக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும், வாங்கினதற்கு மேல் கொஞ்சம் சேர்த்தும் செய்ய வேண்டும். ஒரே நாளில் ஐந்நூறு பேருக்குக் கடன்பட்ட மனிதர் முகத்தில் கலவரம் இல்லாமல் வீட்டுக்குப் போகிறார். யாருக்கு எவ்வளவு என்பது நோட்டில் இருக்கிறது, அவர் நெஞ்சில் இல்லை. தனக்கு முன்னால் விருந்து போட்டவர்களும் பின்னால் போடப் போகிறவர்களும் இதே நிலைமையில் இருப்பது அவருக்குத் தெரியும். கடன் இருக்கிறது, அதற்கு ஒரு வடிவமும் இருக்கிறது.

அதே மனிதருக்கு ஒரு வங்கிக் கடனும், சரக்குக் கொடுத்த வியாபாரியிடம் ஒரு பாக்கியும், கணக்கில் ஏறாத ஒரு கைமாற்றும் இருக்கும். தூக்கத்தைக் கெடுப்பவை இவைதான். மொய்க் கடனைவிட இவை சின்னத் தொகையாகக்கூட இருக்கலாம். ஆனால் இவற்றுக்கு நோட்டு இல்லை. இவை ஒன்றோடொன்று கலந்து, இரவு இரண்டு மணிக்கு, 'எல்லாம் போயிடுமோ' என்கிற ஒரே வாக்கியமாக எழுந்து உட்காரும்.

கவலைக்கு ஒரு நோட்டுப் போடச் சொல்வதுதான் இந்த அத்தியாயம். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். பத்து நாள் செய்துபாருங்கள்.

கணக்கு நோட்டிலிருந்து இது வேறாக இருக்கட்டும், கணக்குப்பிள்ளை பார்க்காத நோட்டாக. பக்கத்தை நான்காகப் பிரியுங்கள்: என்ன, எவ்வளவு, எந்தத் தேதி, யாரிடம் பேச வேண்டும். மனசில் வருகிற ஒவ்வொன்றையும் இந்த நான்கில் அடைக்கப் பாருங்கள். அறந்தாங்கியில் நீங்கள் ஒரு ரைஸ் மில் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'மில்லை மூட வேண்டியதாகிவிடுமோ' என்று எழுதினால் நான்கு கட்டமும் நிரம்பாது. எவ்வளவு என்கிற கட்டத்தில் பேனா நின்றுவிடும். அப்படி நின்றால், எழுதியது ஒரு பயம், இன்னும் கணக்காகவில்லை என்று அர்த்தம். அதை உடையுங்கள். நெல் வியாபாரிக்கு 3,40,000 ரூபாய், வெள்ளிக்கிழமை. வெளியிலிருந்து நிச்சயமாக வரக்கூடியது 2,10,000. குறைவது 1,30,000. யாரிடம் பேச வேண்டும்? நெல் வியாபாரியிடம், வியாழக்கிழமைக்குள். இப்போது உங்கள் கையில் இருப்பது மில் மூடுகிற கதை இல்லை. ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாயும் ஒரு போன் பேச்சும். அந்தப் பேச்சு கசப்பாக இருக்கலாம். ஆனால் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். சொல்லாத கவலை பதினைந்து நாளானாலும் முடிவதில்லை.

இதை மனத்தைத் தேற்றிக்கொள்ளும் வழியாக மட்டும் நான் சொல்லவில்லை. பணக்கவலை அறிவையே மங்கச் செய்கிறது என்பதை நம் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஷாவ் ஆகியோரின் அந்த ஆய்வு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. 464 விவசாயிகளுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். அறுவடைக்கு முன், கையில் பணம் வறண்டிருக்கும்போது ஒரு தடவை. அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு இன்னொரு தடவை. ஆள் அதே ஆள், மூளை அதே மூளை. ஆனால் அறுவடைக்கு முன்னால் மதிப்பெண் தெளிவாகக் குறைந்திருந்தது. பற்றாக்குறையைப் பற்றிய நினைப்பே மனத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது, மிச்சம் இருக்கிற கொஞ்சத்தில்தான் மற்ற முடிவெல்லாம் நடக்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

நெருக்கடியில் நீங்கள் எடுத்த தவறான முடிவுகளை இந்த வெளிச்சத்தில் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அதிக வட்டிக்குக் கையெழுத்துப் போட்டது, நல்ல வேலையாளைத் திட்டி அனுப்பியது, சரக்கை அடிமாட்டு விலைக்குத் தள்ளியது. அப்போது உங்களுக்கு அறிவு இல்லாமல் போகவில்லை, இருந்த அறிவு வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தது. தன்னையே திட்டிக்கொள்வதை இந்த இடத்தில் நிறுத்திவிடலாம். அதே சமயம், மனம் கலங்கியிருக்கும் நாளில் பெரிய கையெழுத்து எதையும் போடுவதில்லை என்று ஒரு விதியும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் தள்ளினால் பெரும்பாலான முடிவுகள் கெட்டுப்போவதில்லை.

நோட்டை எப்போது எழுதுவது? தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம். படுக்கையில் வேண்டாம். அமெரிக்க உளவியல் அறிஞர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடன் இருந்தவர்களும் 1983இல் வெளியிட்ட முறை இது. கவலைக்கென்று ஒரு நேரத்தை ஒதுக்கிவிட்டு, மற்ற நேரத்தில் அது வந்தால் 'சாயங்காலம் பார்த்துக்கொள்கிறேன்' என்று தள்ளிவைப்பது. கவலைப்படாதே என்று மனத்தை அதட்டினால் அது கேட்பதில்லை. நேரம் குறித்துக் கொடுத்தால் ஓரளவு கேட்கிறது. கடன் கேட்டு வந்தவரிடம் 'இல்லை' என்றால் வாசலிலேயே நிற்பார், தேதி சொன்னால் போய்விடுவார், அதைப் போல.

நான்கு கட்டமும் நிரம்பாதவை சில கடைசிவரை இருக்கும். மழை, அரசாங்க முடிவு, போட்டிக்காரர் என்ன செய்வார் என்பது. அவற்றைக் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'வந்தால் முதலில் என்ன செய்வேன்' என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். அதற்கு மேல் அவற்றுக்கு நேரம் கொடுக்க வேண்டாம்.

இனி, உண்மையிலேயே எல்லாம் போன ஒரு நாளைப் பற்றிப் பேச வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளும் வந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி, கறம்பக்குடி வட்டாரங்களில் விடிந்தபோது தென்னந்தோப்புகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. பலா, முந்திரி, வாழை எல்லாம் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்துத்தான் தண்ணீர் ஏற்றினார்கள், செல்போனுக்குச் சார்ஜ் போட்டார்கள். நட்டு வளர்த்த நெட்டை ரகத் தென்னை காய்க்கவே ஆறேழு வருஷம் ஆகும். தகப்பனார் வைத்த மரம் மகன் கண்முன்னால் கிடந்தது. தோப்புக்காரர் மட்டும் இல்லை, அவருக்கு முன்பணம் கொடுத்த தேங்காய் வியாபாரி, மட்டையை நம்பிய கயிறு ஆலை, உரக்கடை, பூக்கமிஷன் கடை, டீக்கடை என்று எல்லாருடைய பாக்கியும் அந்தத் தோப்போடு சாய்ந்தது.

அந்தக் காலையில் யாராவது வந்து 'நல்லதையே நினையுங்கள்' என்று சொல்லியிருந்தால் அது கொடுமை. அதைவிட எண்ணிக்கை உதவியது. சாய்ந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 என்று அரசு நிவாரணம் அறிவித்தது. ஒரு மரம் தந்த வருமானத்துக்கு அது ஈடாகாது. ஆனால் அதைப் பெறுவதற்காவது மரத்தை எண்ண வேண்டியிருந்தது. எத்தனை சாய்ந்தது, எத்தனை நிற்கிறது, எங்கே கன்று வைக்கலாம், கன்று வளரும்வரை இடையில் கடலை போடலாமா உளுந்து போடலாமா. எழுந்து நடக்க முடியாமல் உட்கார்ந்திருந்த மனிதரையும் எண்ணிக்கை எழுப்பி நடக்க வைக்கும். பேரிழப்பில் முதல் வேலை இதுதான்: போனதை எண்ணுவது, உடனே மிச்சம் நிற்பதையும் எண்ணுவது. இரண்டாவதை நாம் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

அந்தச் சமயத்தில் ஆலங்குடி வட்டாரத்தில் ஒரு டீக்கடைக்காரர் செய்த காரியம் செய்தியாக வந்தது. புயலில் நொந்துபோன வாடிக்கையாளர்களின் கணக்குப் பாக்கியைத் தள்ளுபடி செய்வதாகக் கடையிலேயே எழுதி வைத்தார். அதைத் தர்ம காரியம் என்று பாராட்டினார்கள். சரிதான். நான் அதில் நல்ல வியாபாரத்தையும் பார்க்கிறேன். வரவே வராத பாக்கி இரண்டு பேரைக் கொல்கிறது. கொடுக்க வேண்டியவர் கூச்சப்பட்டு வேறு கடைக்குப் போகிறார். வாங்க வேண்டியவர் அவரைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் அதை நினைக்கிறார். பாக்கியும் போய், வாடிக்கையாளரும் போய், நிம்மதியும் போகிறது. உங்கள் நோட்டில் மூன்று வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிற பெயர்கள் எத்தனை? அவற்றில் நிச்சயமாக வராது என்று உங்களுக்கே தெரிந்தவற்றை அடித்துவிடுங்கள். முடிந்தால் அவரிடம் சொல்லியும் விடுங்கள். திரும்பவும் கடைக்கு வருவார், இந்த முறை கைக்காசோடு.

வர வேண்டிய பாக்கி எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்களுக்குப் பொருள் செய்து கொடுக்கும் சிறு தொழில்காரர்கள் கேட்கவே பயப்படுகிறார்கள். 'கேட்டால் அடுத்த ஆர்டர் வராது' என்ற பயம் நியாயமானது. ஆனாலும் சட்டம் உங்கள் பக்கம் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் குறு, சிறு தொழில் நிறுவனங்களுக்கு 45 நாளைத் தாண்டிப் பணத்தை நிறுத்தக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. உத்யம் பதிவு இருந்தால் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். எல்லாரும் அந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பதில்லை. அப்படியொரு வாசல் இருப்பது தெரிந்தாலே, பாக்கி கேட்கிற குரலில் கெஞ்சல் குறையும்.

வங்கி விஷயமும் அப்படித்தான். தவணை தவறியவர்கள் செய்யும் முதல் தவறு மேனேஜரின் போனை எடுக்காமல் இருப்பது. தவணை தவறி 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன் 30 நாள், 60 நாள் என்று வங்கிக்குள்ளேயே எச்சரிக்கைப் படிகள் உண்டு. முதல் படியிலேயே நீங்களாகப் போய் உட்கார்ந்து, நோட்டைக் காட்டி, 'இவ்வளவு வரும், இந்தத் தேதியில் வரும், தவணையை மாற்றித் தர முடியுமா' என்று கேட்பவருக்குக் கிடைக்கிற மரியாதை வேறு. புயல், வெள்ளம் போன்ற பேரிடரில் கடனைத் திருத்தியமைக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலே இருக்கிறது. கேட்காதவருக்கு அது தானாக வந்து சேராது.

எல்லாக் கவலையும் விரட்டப்பட வேண்டியது என்று நான் நினைக்கவில்லை. சில கவலை சொல்வது உண்மை. புதுக்கோட்டை மாவட்டத்தின் ராயவரம், அரிமளம், கோனாபட்டு, குழிபிறை ஊர்களின் பெரிய வீடுகளை அண்ணாந்து பார்க்கிறவர்கள் அவற்றைக் கட்டிய தொழிலின் முடிவையும் தெரிந்துகொள்ள வேண்டும். பர்மாவில் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்து வளர்ந்தது நகரத்தார் தொழில். 1930இல் உலகமெங்கும் விலை சரிந்தபோது நெல் விலையும் சரிந்தது. கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் இவர்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம், 1937க்குள் 25 சதவீதமானது. ஏட்டில் சொத்து ஏறிக்கொண்டே போனது. உண்மையில் கையில் புரண்ட பணம் அசையாத நிலமாகி, அந்நிய மண்ணில் மாட்டிக்கொண்டது. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த மார்ச்சில் ஜப்பானியர் நகரைப் பிடித்தார்கள். நகரத்தார் கப்பலிலும், மலைப் பாதையில் கால்நடையாகவும் ஊர் திரும்பினார்கள். 1948இல் பர்மா அரசு நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது.

பத்து வருஷ எச்சரிக்கை அது. மேலோட்டமான நம்பிக்கை அதைக் கேட்க விடவில்லை. உங்கள் நோட்டில் ஒரே கவலை மாதாமாதம் திரும்பி வந்தால் அதை மனப்பிரமை என்று தள்ளாதீர்கள். மாத்தூர் சிட்கோ எஸ்டேட் பக்கம் பாய்லர் பாகங்கள் செய்து கொடுத்தவர்கள் இதை அனுபவித்திருக்கிறார்கள். வேலை முழுவதும் ஒரே இடத்திலிருந்து வந்தது. அங்கே ஆர்டர் குறைந்ததும் இங்கே வெல்டிங் சத்தம் குறைந்தது. 'ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கிறோமே' என்ற கவலை தியானத்தில் தீருவதில்லை. இரண்டாவது வாடிக்கையாளரைப் பிடித்தால்தான் தீரும்.

நகரத்தாரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நல்லதும் இருக்கிறது. ரங்கூன் மொகல் தெருவில் ஒரே தொழில் செய்கிறவர்கள், ஒருவருக்கொருவர் போட்டிக்காரர்கள், மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். எந்தப் பக்கம் பணம் இறுகுகிறது, யார் தடுமாறுகிறார் என்பது அங்கே தெரிந்துவிடும். தொழில் தலைவருக்குத் தனிமை பெரிய நோய். வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள், வேலையாட்களிடம் சொன்னால் கலைந்துவிடுவார்கள், போட்டிக்காரரிடம் சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று வாயைக் கட்டிக்கொண்டே நாள் போகிறது. உங்களைப் போலவே சம்பளம் போடுகிற நான்கு பேரைத் தேடுங்கள். ஒரே தொழிலாக இருக்க வேண்டாம். மாதம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், டீக்கடையானாலும் சரி. ஒரே நிபந்தனை: வரும்போது நோட்டோடு வர வேண்டும். பெருமை பேச வேறு இடம் இருக்கிறது.

வீட்டில் மறைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கணவன் மனைவிக்குத் தெரியாமல் வாங்குகிற கடன், மனைவி கணவனுக்குத் தெரியாமல் குழுவில் எடுக்கிற கடன் இரண்டும் வட்டியைவிட அதிகமாகச் சுடும். தொகையைச் சொன்ன அன்று ராத்திரி சண்டை வரும். மறுநாளிலிருந்து சுமை இரண்டு பேர் தோளில்.

வேலையாட்கள் விஷயம் வேறு மாதிரி. சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது ஒருவர் தயங்கித் தயங்கி, "முதலாளி, அடுத்த வாரம் வரலாமா வேணாமா?" என்று கேட்டால், ஊரில் பேச்சு பரவிவிட்டது என்று பொருள். இங்கே சிரித்து மழுப்புவது நம்பிக்கை இல்லை. பொய் தெரிந்த நாளில் நல்ல ஆட்கள்தான் முதலில் போவார்கள். உங்கள் பயம் முழுவதையும் அவர் தலையில் கொட்டுவதும் தலைமை இல்லை. தெரிந்ததைச் சொல்லுங்கள், அடுத்து செய்யப் போவதைச் சொல்லுங்கள். "ஆர்டர் குறைஞ்சிருக்கு. இந்த மாசக் கூலிக்குப் பணம் இருக்கு. பதினஞ்சாம் தேதி ஒரு பதில் வரும், வந்ததும் உங்ககிட்டதான் முதல்ல சொல்வேன்." இவ்வளவு போதும். ஆனால் பதினைந்தாம் தேதி கெட்ட பதில் வந்தாலும் சொல்லிவிட வேண்டும். நம்பிக்கை அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

பயம் போன பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்கிறவர்களுக்கு இந்த மாவட்டத்துப் பெண்களைக் காட்டுவேன். 1991இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கத்தோடு சைக்கிள் இயக்கமும் தொடங்கியது. லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது, குறுக்கே பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். கேலி இருந்தது, விழுந்த காயம் இருந்தது. யாரும் பயம் தீர்ந்த பிறகு ஏறவில்லை. ஏறி மிதித்துத்தான் பயம் தீர்ந்தது, அதுவும் கூட்டமாக ஏறியதால். அதே காலத்தில் கல்லுடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஒப்பந்தக்காரர்களின் எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு, கூலிக்கு உடைத்த கல்லுக்குத் தாங்களே கணக்கு எழுதினார்கள். தொழில் தலைமை என்று நான் சொல்வது இவர்களையும் சேர்த்துத்தான்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது நோட்டால் தீருகிற விஷயம் இல்லை. மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கோ 104க்கோ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. கடன்காரரின் பேச்சு தாங்காமல் போன உயிர்கள் நம் ஊர்களில் அதிகம். அந்தக் கடன்களில் எதுவும் ஓர் உயிரின் விலை இல்லை.

இன்றைக்குக் கடையை அடைப்பதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எந்தத் தொகையை எழுதக் கை வரவில்லையோ, அதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். பக்கத்தில் தேதியும் போடுங்கள், பேச வேண்டியவரின் பெயரும் எழுதுங்கள். அது வங்கி என்றால், காலை பத்து மணிக்குத் திறந்துவிடும்.